பலகைக்கு அடியில் சுடுதண்ணீர்

பழைய வீட்டு மரத்தரையைக் கழற்றி, கீழே சுடுதண்ணீர்க் குழாய் போடுகிற வேலைக்குப் போகிறவன் முதலில் பழக வேண்டியது ஆளில்லாத வீட்டுக்கு. திருத்த வேலை தொடங்கியதும் வீட்டுக்காரர் வேறிடம் போய்விடுவார்கள். தனியாக வேலை செய்கிற உங்களுக்கு இது விளங்கும்: பத்து மணிக்கெல்லாம் ரேடியோவுக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவோம். சுவிஸில் பழகிய தொழிலோடு நான் லண்டன் வந்திருந்தேன். மனைவியும் மகளும் அப்போது சுவிஸில்தான். கீழே சொல்கிற மூன்றும் 2009இல் நடந்தவை.

மாடிப்படியில் ஒரு ஆள்

வால்தம்ஸ்டோவில் எண்பது வயது வெள்ளைக்கார அம்மா ஒருவர் வீட்டை விட்டுப் போக மறுத்துவிட்டார். கீழ்த்தளத்துப் பலகை முழுவதையும் எடுத்தாயிற்று. மிஞ்சியது வெறும் மரச்சட்டங்கள். அவர் சமையலறைக்குப் போக வழியில்லை. நான்தான் சட்டத்துக்குச் சட்டம் கால்வைத்துத் தேநீர் கொண்டுபோவேன். படியில் இருந்து குடித்தபடி, கணவர் கடைசி நாட்களில் படுத்திருந்த கட்டில் கிடந்த மூலையைக் காட்டுவார்.

மூன்றாம் நாள், நாளையோடு முடிந்துவிடும் என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கோப்பையைத் திருப்பித் தந்துவிட்டு மெல்லக் கேட்டார்: "கொஞ்சம் மெதுவாகச் செய்ய முடியாதா?"

ஆணி

ஆர்ச்வேயில் பலகையைத் திரும்ப அடிக்க ஒரு போலந்துத் தச்சர் வந்தார். நான்கு நாள் ஒரே அறை. காலையில் தலையாட்டுவோம், அவ்வளவுதான். குழாய் போகிற இடமெல்லாம் நான் பலகையில் சோக்கால் கோடு போட்டிருந்தேன். ஐந்தாம் நாள் ஒரு கோடு அழிந்து கிடந்தது. நானேதான் முழங்காலால் தேய்த்திருக்கிறேன். அவர் அந்த இடத்தில் ஆணியை இறக்கினார். ஆணி வளைய, அதைப் பிடுங்கியதும், சோதனைக்காகக் குழாயில் விட்டிருந்த குளிர்தண்ணீர் அவர் முகத்தில் பீறிட்டது.

ஓடிப்போய் வால்வைப் பூட்டினேன். பலகையைக் கழற்றி, குழாயை வெட்டிப் பொருத்த மத்தியானமாகிவிட்டது. பிழை என்னுடையது என்றேன். ஏச்சுக்குக் காத்திருந்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். "என் பெயர் பாவெல்."

மோர்டனில் புட்டு

மோர்டனில் நான் குழாய் போட்டது ராசன் அண்ணை என்ற தமிழர் வீட்டில். சூட்டைப் போட்டுவிட்டு வந்த அன்று பின்னேரமே போன்: "தம்பி, தரை சூடாகேல்லை." மரத்தரை மெல்லத்தான் சூடேறும் என்றேன், கேட்கவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் சூடேறிவிட்டது. பிள்ளைகள் சொக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு உருண்டுகொண்டிருந்தார்கள். அண்ணி புட்டும் மீன்குழம்பும் தரையிலேயே வைத்துப் பரிமாறினா. என்னையும் இருத்தினார்கள்.

எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் ஒரு குடும்பத்தோடு இருந்து சாப்பிட்டேன். சின்னவள், என் மகளின் வயதுதான், வந்து என் முழங்காலில் சாய்ந்தாள்.

"உங்கட வீட்டிலயும் தரை இப்பிடிச் சூடுதானோ?" என்று அண்ணி கேட்டா. எனக்கிருந்தது ஒரு வாடகை அறை. "ஓம்" என்றேன்.

அண்ணை சிரித்தார். "அப்ப உங்கட மனுசி குடுத்து வைச்சவ."

இந்தத் தொழிலில் வேலையைத் திறமாகச் செய்தவனை யாரும் திரும்பக் கூப்பிடுவதில்லை. எனக்கு நல்ல பெயர் இருக்கிறது, அதனால்தான் போன் அடிப்பதில்லை.