வெள்ளிக்கிழமையாகிப்போன செவ்வாய்க்கிழமை

என் வாழ்க்கையின் ஒரே பெரிய குற்றத்தை மூன்றாம் வகுப்பிலேயே செய்து முடித்துவிட்டேன். ஆயுதம், ஒரு குப்பி வொயிட்னர்.

நாங்கள் துபாயில், தேராவில் ஒரு கட்டிடத்தின் ஆறாவது மாடியில் இருந்தோம். அம்மா நர்ஸ். அப்பா பப்புவா நியூ கினியில் எரிவாயுக் குழாய்களின் வெல்டிங்கைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர். இருபத்தெட்டு நாள் அந்தத் தீவு, இருபத்தெட்டு நாள் தேரா. தரைக்கு அடியில் தங்கமும் செம்பும் எரிவாயுவும் கொட்டிக்கிடக்கிற நாடு. தரைக்கு மேலே அப்பாவின் சைட்டுக்குப் போக ஒரு ரோடு கிடையாது. மூன்று விமானம் மாற வேண்டும். கடைசியாக ஏறுவது ஒரு குட்டி விமானம். அது வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை மட்டும்.

"அங்க மழ பெய்யும் மக்ளே. அது நின்னா அடுத்த மழ பெய்யும். அவ்வளவுதான் காலநில" என்பார் அப்பா.

அப்பா போய் இறங்கினால்தான், அதே விமானத்தில் தூத்துக்குடிக்காரர் ஒருவர் ஏறி லீவுக்குக் கிளம்ப முடியும். இருவருக்கும் ஒரே வேலை, ஒரே அறை, ஒரே கட்டில். ஆனால் பார்த்துக்கொள்வது ஓடுபாதையில் பத்து நிமிடம். "அவரு தலைக்குத் தேய்க்கிற எண்ண வாட நல்லாத் தெரியும். மொகம்தான் சட்டுன்னு ஞாபகம் வராது" என்று அப்பா சொல்லுவார்.

லீவுக்கு வந்த அன்றே அப்பா ஃபிரிட்ஜ் பக்கத்துக் காலண்டரில் திரும்பிப் போகும் தேதியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுவார். பிறகு கம்பெனி மெயிலைத் திறக்கவே மாட்டார். அது அவர் கொள்கை. அம்மா டூட்டி மாற்றிக்கொள்வதும், அப்பாவுக்குக் கொடுத்தனுப்ப மிளகாய்ப்பொடிக்கு மிளகாய் வறுப்பதும் அந்த வட்டத்தைப் பார்த்துத்தான்.

அந்த முறை வட்டம் ஒரு செவ்வாய்க்கிழமையில் விழுந்தது. என் பள்ளி விளையாட்டு விழாவோ வியாழக்கிழமை. நான் எலுமிச்சை-ஸ்பூன் ஓட்டத்தில் இருந்தேன். என் திறமையை அப்பா பார்க்காமல் போவது நாட்டுக்கே நஷ்டம் என்று பட்டது. செவ்வாய்க்கு வொயிட்னர் பூசி, தேதியைக் கறுப்பில் எழுதி, வெள்ளிக்கிழமைக்கு ஒரு சிவப்பு வட்டம் போட்டேன். அப்பா போட்டதைவிட என் வட்டம் அழகாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. நான் யூனிபாரத்தில். அப்பா கைலியில், முன்னால் புட்டும் பழமும். போன் அடித்தது. எப்போதும் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போகிற கம்பெனி டிரைவர், பெஷாவர் பக்கத்துப் பட்டாணியர். அவர் போனில் பேசினால் ஸ்பீக்கர் தேவையில்லை.

"பாய், காடி நீச்சே ஹை. யல்லா, ஏர்போர்ட்!" வண்டியோடு கீழே நிற்கிறாராம்.

"ஏர்போர்ட்டா? ஃப்ரைடே பாய், ஃப்ரைடே!"

"ஃப்ரைடே மாஃபி! டிக்கெட் ஆஜ் கா ஹை!"

அப்பா முதல்முறையாகக் கொள்கையை மீறி மெயிலைத் திறந்தார். டிக்கெட் இன்றைக்குத்தான். பத்தேகாலுக்கு விமானம்.

"வெள்ளின்னு வட்டம் போட்டது நீங்கதான? கேட்டியளா, ஒங்களுக்கு வயசாயிட்டு" என்றார் அம்மா, அலமாரியிலிருந்து சட்டைகளை எறிந்துகொண்டே.

அப்பா காலண்டர் பக்கத்தில் போய் நின்று நகத்தால் சுரண்டினார். வெள்ளைப் பொருக்கு உதிர்ந்து உள்ளே சிவப்பு தெரிந்தது. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நல்லாப் பாருங்கப்பா, வெள்ளிக்கிழமதான்" என்றேன். அந்தத் துணிச்சல் இன்று எனக்கு இல்லை.

"ஒனக்குள்ள அடிய வந்து தாறேன். லேய், அந்தத் தூத்துக்குடிக்காரரு பிள்ளைக்கு ஞாயித்துக்கிழம புதுநன்மடே! நான் வியாழக்கிழம பிளேன விட்டா அவரு அடுத்த வியாழன் வர அங்கயே கெடக்கணும்!"

கோயிலில் அந்தப் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். எனக்கு அது அடுத்த வருடம் என்பதால், கேக் வெட்டுவார்கள் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

பத்து நிமிடத்தில் பெட்டி தயார். பூட்ஸ், தடுப்பூசி அட்டை, ஈரம் காயாத இரண்டு சட்டை, வறுக்காத மிளகாய். நான் காலை நீட்டி லிஃப்ட் கதவைத் தடுத்துப் பிடித்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புண்ணியம் அது. அப்பா உள்ளே நுழைந்தபோது வாயோரம் புட்டு ஒட்டியிருந்தது.

பள்ளி பஸ் போய்விட்டது. அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு ஜெபமாலை உருட்டினார். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது.

"ஏறியாச்சு. பெல்ட்டும் போட்டாச்சு" என்றார் அப்பா.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எனக்கும் பெரிய நிம்மதி. எந்தக் கோபமும் இருபத்தெட்டு நாள் தாங்காது என்று கணக்குப் போட்டிருந்தேன். கணக்கு சரியாகவும் இருந்தது. வியாழக்கிழமை மூன்றாவது அடியிலேயே எலுமிச்சை உருண்டு விழுந்தபோது, அதைப் பார்க்க அப்பா இல்லையே என்று இன்னொரு நிம்மதி.

அடுத்த வாரம் அம்மாவின் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. வெள்ளை உடுப்பும் முக்காடுமாக என் வயதுப் பெண் ஒருத்தி, பக்கத்தில் மெலிந்த, கறுத்த ஒரு மனிதர். "பாத்தியா, புதுநன்மைக்குச் சரியா ஊருக்கு வந்துட்டாரு" என்றார் அம்மா. நான் முதலில் கேக் எத்தனை அடுக்கு என்று எண்ணினேன். பிறகுதான் கவனித்தேன்: ஒரு கையில் மெழுகுவர்த்தி, இன்னொரு கையால் அவள் அப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். புதுச் சட்டை. இப்படிப் பிடித்தால் கசங்கிப்போகுமே, இதுகூடவா இவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன்.