ஏரிக்கரை மேடும் புது இன்ஜினும்

எங்கள் பழைய காருக்கு வயது அதிகம், இழுவை குறைவு. ஐந்து பேர் உட்கார்ந்தால், சாலவாக்கம் போகும் வழியில் ஏரிக்கரை மேட்டில் திணறும். அதனால் மேட்டடியில் எல்லோரும் இறங்கி நடப்பதே எங்கள் வீட்டு வழக்கம்.

வேறு இன்ஜின் வைக்க முடிவெடுத்தேன். எனக்கு டீசல் ஆசை. உத்திரமேரூர் மெக்கானிக் மறுத்தார். "டீசல் வெயிட்டு சார், முன்பக்கம் அமுங்கிப் பூடும். வேன்ல இருந்து எடுத்த பெட்ரோல் இன்ஜின் ஒண்ணு கீது, அதப் போட்டுக்கலாம்." அரைமனதாகச் சரியென்றேன்.

புது இன்ஜினோடு குடும்பமாகக் கிளம்பிய அன்று, எதிரே வந்த டவுன் பஸ்ஸுக்கு வழிவிட மேட்டடியில் நிறுத்தினேன். நான் வாய் திறப்பதற்குள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். எரிச்சலில் தனியாகவே ஓட்டினேன். கார் ஒரே மூச்சில் ஏறியது.

மாமியார் மூச்சிரைக்க மேலே வந்தார். "இன்ஜினு சோக்கா கீது மாப்ள. நாங்க எறங்கினதும் இன்னா வேகமா ஏறிச்சி பாத்தீங்களா!"