வண்டிக்கு வைத்த பொட்டு

என் வீட்டுக்காரர் முருகானந்தத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எனக்கும் அதில் குறைச்சல் இல்லை. ஆனால் நான் நியாயத்துக்குக் கோபப்படுவேன். அவர் பெயிண்ட் தேய்க்கிற உப்புத்தாளைக் காணோம் என்றாலே வீட்டைத் தலைகீழாக்குவார்.

இருபது வருஷம் செம்மேட்டில் ஜீப்புக்கும் லாரிக்கும் பெயிண்ட் அடித்தார். பிறகு இளைப்பு வந்து, இனி ஸ்பிரே பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்து என் உயிரை வாங்கினார். அப்புறம் கண்டுபிடித்த வேலைதான் இது. ஒரு சாண் நீளத்தில் உலோகக் கார்கள் விற்கிறார்கள் இல்லையா, அதை வாங்கிக் கழற்றி, பெயிண்டை உரித்து, கேட்பவர் வீட்டில் ஒரு காலத்தில் நின்ற கார் மாதிரியே மாற்றிக் கொடுப்பார். எல்லாம் மெல்லிய பிரஷ் வேலை.

எங்கள் வளப்பூர் நாட்டு மலை ஊர்களில் இதற்கு ஒரே பெயர்தான். பொம்மை. பஸ்ஸுக்கு நின்றால் போதும், "பொம்மை ரெடியாச்சா?" என்று யாராவது கேட்பார்கள். இவருக்குச் சுருக்கென்று ஏறும். "பொம்மையில்லடா, வண்டி!" என்று கத்துவார். பக்கத்துக் காட்டு சின்னராசு அப்படிக் கேட்டதற்காக இரண்டு வருஷமாக அவனோடு பேச்சே கிடையாது.

போன மாதம் ராசிபுரத்துக் குணசேகரன் ஓர் ஆர்டர் கொடுத்தார். அவருடைய அப்பா வைத்திருந்த பழைய ஜெர்மன் கார், வோக்ஸ்வாகன் பீட்டில். அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு வேண்டும் என்று ஒரு பழைய போட்டோவை அனுப்பினார். பிடித்துப்போனால் நண்பர்கள் நாலு பேர் ஆர்டர் தருவார்கள் என்றும் சொன்னார். இவருக்கு அதற்குப்பின் தூக்கம் இல்லை. ஸ்பிரே வேலையை விட்டவருக்கு இதுவும் போனால் வேறு என்ன இருக்கிறது?

போட்டோவில் இருந்த வெளிர் நீலம் வரும்வரை ஐந்து தடவை பெயிண்ட் கலந்தார். பம்பரில் இடது பக்கம் இருந்த நசுங்கலைக்கூட விடாமல் தட்டி வைத்தார். சீட்டுக்கு என் கைப்பையை அறுத்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேல்பூச்சு காய ஏழு நாள் ஆகும், புகை ஆகாது என்று அடுப்பை வெளியே தூக்கி வைத்தார். புரட்டாசித் தூறலில், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சோறாக்கியது நான்.

ஐந்தாம் நாள் ஆயுத பூஜை வந்தது. காலையில் காரை மூடியிருந்த டப்பாவை எடுத்துவிட்டு, பொரி வாங்கப் போனார். மூடியை எடுத்தால் காய்ந்துவிட்டது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நான் அரிவாள், மண்வெட்டி, மொபெட் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். அந்தக் காருக்கும் வைத்தேன். முன்மூடியில் சந்தனம், நடுவில் குங்குமம். அந்தச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமா வைக்க முடியும்? நாலு மிளகு வைத்தேன்.

திரும்பி வந்தவர் பார்த்தார். பொரி கீழே கொட்டியது. ஓடிப்போய்த் துடைத்தார், பொட்டோடு பெயிண்டும் வழண்டு வந்துவிட்டது.

"அறிவிருக்காடி உனக்கு? பொம்மைக்குப் போயி எவளாச்சும் பொட்டு வெப்பாளா?"

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. பெயிண்ட் போனதற்கு என்னைத் திட்டட்டும், வாங்கிக்கொள்வேன். அந்த வார்த்தையை அவர் எப்படிச் சொல்லலாம்?

"ஏனுங்க, பொம்மைன்னா என்னை எதுக்கு மழையில உக்கார வெச்சீங்க? ஊரே சொன்னப்ப நான் ஒருநாளாச்சும் அப்படிச் சொல்லியிருக்கனா? வண்டின்னுதானே பொட்டு வெச்சேன்?"

அவர் போனை எடுத்துக் குணசேகரனைக் கூப்பிட்டார். பிறந்தநாளுக்கு நாலு நாள்தான் இருந்தது, திரும்ப அடித்தால் காய ஏழு நாள் ஆகும். "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று மூன்று தடவை சொன்னார். ஸ்பீக்கரில் அந்த மனுஷர் சிரித்தார்.

"அட உடுங்க, பொம்மைதானே. அப்பறமாக் குடுத்துக்கலாம்."

"ஆமாங்க, ஆமாங்க" என்றார் இவர். சின்னராசுவிடம் காட்டிய வீரம் எங்கே போனதோ! போனைப் பிடுங்கினேன்.

"ஏனுங்க, அது பொம்மையில்லீங்க, உங்கப்பா வண்டி. ஒரு மாசமா இந்த மனுசன் சரியாச் சோறு திங்கல. பொம்மைதான் வேணும்னா கடையில வாங்கிக்குங்க."

வைத்துவிட்டேன். ஆர்டர் போச்சு என்று தலையில் கை வைத்தார். போனால் போகட்டும், எனக்குப் பதில் சொல்லுங்கள் என்றேன். உப்புத்தாளை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் குணசேகரனே கூப்பிட்டார். "அம்மா, வண்டி எப்பங்க ரெடியாகும்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

ராசிபுரத்துக்காரருக்கு ஒரே ராத்திரியில் வந்த புத்தி, என்னோடு பதினெட்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவருக்கு இன்னும் வரவில்லை.