அலசி ஊற்றிய தண்ணீர்

தர்மபுரிப் பக்கத்துத் தாயம்மாளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பாப்பம்மாள், அடுத்தவன் ஜோதிலிங்கம். பாப்பம்மாளைக் கட்டிய ஜெயசீலன் டெல்லி கரோல் பாக்கில் காருக்குப் பெயின்ட் அடிக்கும் கடை வைத்திருந்தான். வாய்க்கு முன்னால் கை பேசுகிற ஆள். கல்யாணமான வருஷமே அவள் முன்பல் ஒன்று போனது. பிற்பாடு ஒரு விலா எலும்பு. தம்பியும் கடைக்கு வந்தால் தெம்பு என்று வரவழைத்தாள். வந்தவனும் சேர்ந்து அடி வாங்கினான்.

பெயின்ட் கரைக்கும் தின்னர் நெடியில் ஜோதிலிங்கத்துக்கு மூக்கில் ரத்தம் கொட்டும். இரண்டாயிரத்து மூன்று வாக்கில் தின்னருக்குப் பதிலாகக் கரும்பிலிருந்து எடுத்த புதுச் சரக்கு வந்தது. பசுமைக் கரைப்பான் என்றார்கள். வெண்ணெய் வாசம், நெருப்பு விலை.

பதம் பார்க்க ஜெயசீலனிடம் இருந்தது, அடியில் ஆணியால் ஓட்டை போட்ட எவர்சில்வர் டம்ளர். நிரப்பித் தூக்கிப் பிடித்து, ஒழுக்கு அறும்வரை எண்ணுவான். எண்ணிக்கை கூடினால் சரக்கு கெட்டி.

அன்று காலையில் டப்பாவைத் திறந்து எண்ணியபோது கடகடவென்று ஓடியது. மத்தியானம் அதே டப்பாச் சரக்கு இழுத்துக்கொண்டே நின்றது.

"டேய் மாப்ளே, எண்ணெயக் கலந்துட்டு நல்ல சரக்க எவங்கிட்டடா வித்த?"

"சத்தியமா இல்ல மாமா."

"சாலே, பொய்யா சொல்ற?" என்று இந்தி வசவோடு பாய்ந்தான்.

சக்கரம் கழற்றும் இரும்புக் கம்பி ஜோதிலிங்கத்தின் முழங்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எதிர்ச்சாரியில் பான் விற்றவனுக்கும் கேட்டது. அடுத்த அடி முதுகில். அதற்கடுத்து, கம்பி தலைக்கு நேராக ஏறியது.

கடையில் குவளை கழுவிக்கொண்டிருந்த பாப்பம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. புளி கரைத்த பாத்திரத்தையும் அலசிக் குழம்பில் ஊற்றுகிற கை அவளுடையது. விலையான சரக்கு ஒட்டிக்கொண்டு வீணாகலாமா என்று, அளவுக் குவளைகளைக் காலையிலிருந்து தண்ணீரில் அலசி அலசி டப்பாவிலேயே விட்டிருந்தாள். பழைய தின்னரில் தண்ணீர் சேராது, அடியில் தனியாக நிற்கும். இது சொல்லாமல் கொள்ளாமல் கலந்துவிட்டது.

"விடுய்யா! தண்ணி ஊத்துனது நானு!"

"தண்ணி ஊத்துனா இளகும்டி. கெட்டியாவுமா? தம்பிக்கு வக்காலத்தா?"

அவள் டம்ளரைப் பிடுங்கினாள். புது டப்பாச் சரக்கை ஊற்றினாள், ஓடியது. வெறும் தண்ணீரை ஊற்றினாள், அது இன்னும் வேகமாக ஓடியது. இரண்டையும் கலந்து ஊற்றினாள். இழுத்தது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும் என்று சரக்கு விற்றவர் பிற்பாடு சொன்னார்.

ஜெயசீலன் பார்த்தான். கம்பி ஜோதிலிங்கத்தை விட்டு அவள் பக்கம் திரும்பியது.

"அப்ப நீதானாடி?"

பாப்பம்மாள் சரக்கைத் திறந்த டப்பாவோடு அவன் முகத்தில் வீசினாள். கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினான். கீழே விழுந்த கம்பியை எடுத்து, அவன் முழங்காலில் ஓங்கி ஒன்று போட்டாள். இன்னொன்றும் போட்டாள். பிறகு தம்பியை ஆட்டோவில் ஏற்றினாள்.

ஜோதிலிங்கத்தின் கை கோணலாகவே கூடியது. ஜெயசீலனுக்கு ஒரு கண் போயிற்று, மற்றதில் பாதிப் பார்வை. கடை அவள் கைக்கு வந்தது. அவன் வாசல் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். டம்ளரை அவள்தான் தூக்கிப் பிடிப்பாள்.

"எண்ணு."

ஒழுக்கு அவனுக்குத் தெரியாது. அவள் "போதும்" என்கிறவரை எண்ணுவான்.