மகிழம்பூ அறை

கஞ்சி போட்ட பருத்தித் திரைச்சீலையில் இஸ்திரிப் பெட்டியின் சூடு ஆறும்போது எழுகிற மணம்தான் எங்கள் விடுதியின் மணம். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த அப்பா, ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு மேல் மாடி எடுத்து ஐந்து அறைகள் கட்டினார். அவற்றை அழகாக்கியது அம்மா. ஒவ்வொரு கதவிலும் ஒரு பூவை வரைந்து, அதே நிறத்தில் போர்வையும் திரையும் தைத்து, தன் பிறந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைச் சின்னத் தொன்னையில் தலையணையருகே வைப்பாள். ஊரார் அதைப் "பூ லாட்ஜ்" என்றார்கள். நாங்கள் கீழேதான் படுப்போம்.

மலையைப் பார்த்திருந்த மகிழம்பூ அறையின் மேல் அம்மாவுக்குத் தனி ஆசை. ஒருநாள் விரிப்பு மாற்றிக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்: "ஒரு நா நானும் பொட்டியோட வந்து இங்க தங்கணும். நீங்க காப்பி கொண்டாந்து கதவத் தட்டணும்."

அப்பா சிரித்தார். "ஆடித் தேர் முடியட்டும். பொறவு பாத்துக்கிடுவோம்."

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர்க் கூட்டம் போனதும் கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் பிள்ளைகளைச் சேர்க்க வந்தவர்கள், அவர்களுக்குப் பின் கல்யாண வீட்டார் என்று அறை ஒழியவே இல்லை. ஐப்பசி மழையில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா போன் செய்து, "மகிழம்பூ ரூம யாருக்கும் குடுக்காதீக. அவ வந்து அங்கதான் இருப்பா" என்றார். நானும் சித்தியும் புது விரிப்பு போட்டு வைத்தோம்.

அம்மா உயிரோடு வரவில்லை. வண்டியிலிருந்து இறக்கியவர்களிடம் அப்பா, "மேல கொண்டு போங்க" என்றார். குறுகிய மாடிப்படித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. சாய்த்தும் தூக்கியும் பார்த்தார்கள். பெரியப்பா அப்பாவின் தோளைப் பிடித்து, "வேண்டாம்டா, அவள அலைக்கழிக்க வேண்டாம்" என்றார். கீழேயே கிடத்தினார்கள். அப்பா மட்டும் மேலே ஏறிப்போய், அந்த அறையின் தலையணையை எடுத்து வந்து அம்மாவின் தலைக்கடியில் வைத்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அதன்பின் விடுதி நடக்கவில்லை. விற்றோம், வாங்கியவர்கள் இடித்துவிட்டார்கள்; அங்கே இப்போது கண்ணாடி முகப்போடு செல்போன் கடை நிற்கிறது. அப்பா கோவையில் என்னோடு இருக்கிறார். போன மாதம் உறவினர் கல்யாணத்துக்காக மதுரையில் நல்ல ஓட்டல் ஒன்றில் தங்கினோம். காலையில் போய்ப் பார்த்தால், அவர் கட்டிலில் விரிப்பு கசங்காமலே கிடந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"படுக்கலையாப்பா?"

"இல்ல தாயி," என்றார், "எனக்கு மனசு வரல."