சாந்தியை வெளுக்கப் பார்த்த கதை

மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு மத்தியானம். பிரிக்பீல்ட்ஸில் ஜன்னலே இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்திருந்தேன். நான் வசனம் எழுதிய டிவி நாடகத்துக்கு நிறம் திருத்துகிறார்கள். பிலிமில் எடுத்ததை வீடியோவுக்கு மாற்றும்போதே கம்ப்யூட்டரில் நிறத்தையும் மாற்றிவிடலாமாம்.

ஆப்பரேட்டர் கியோங் முன்னால் மூன்று உருண்டைகள். ஒன்றை உள்ளங்கையால் லேசாக உருட்டினார். ஸ்கிரீனில், ஒரு பெண் நிற்கும் பந்திங் செம்பனைத் தோட்டம் நீலமானது — மழை வரப்போகிறதோ? இன்னொன்றை உருட்டினார். மஞ்சள் பரவியது... தீபாவளிக் காலை! அதே தோட்டம், அதே பெண். என் வசனத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கதை மாறிவிட்டது!

அந்தப் பெண் சாந்தி. மேருவில் கையுறை ஃபேக்டரியில் வேலை. நல்ல கறுப்பு. கிள்ளானில் ஒரு கோயில் திருவிழா நாடகத்தில் பார்த்து, டைரக்டர் விமலா அவளைப் பிடித்து வந்தார். தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, சட்டி பானையோடு வாசலில் நின்று அழும் காட்சி அவளுடையது.

தயாரிப்பாளர் ஜவுளிக்கடைக்காரர். கெட்டவர் இல்லை. ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, கியோங்கிடம் மலாயில் சொன்னார்.

“மூஞ்சியைக் கொஞ்சம் வெளுப்பாக்கிடுங்க லா, பாஸ்!”

விமலா தடுப்பதற்குள் கியோங் உருண்டையை உருட்டிவிட்டார். சாந்தி மாநிறமானாள். அப்புறம் கோதுமை நிறம்.

“பழையபடி வைக்கச் சொல்லுங்க,” என்றார் விமலா.

“ஏன் விமலா, அழகாத்தானே இருக்கு? கறுப்பா காட்டினா எவன் விளம்பரம் தருவான்?”

“அப்போ என் பேரை எடுத்திடுங்க அண்ணே. இந்த முகத்துக்குத்தான் நான் ஒரு வருஷம் அலைஞ்சேன்.”

நான்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன் — எனக்கும் வெளுத்த சாந்தியைத்தான் பிடித்திருந்தது.

“சரி, அந்தப் பொண்ணையே கேட்போம்,” என்றார் தயாரிப்பாளர், ஜெயித்துவிட்ட தைரியத்தில். சிவப்பாக இருக்க வேண்டாம் என்று எந்தப் பெண் சொல்வாள்?

மறுநாள் ஷிப்ட் முடிந்து, பஸ் பிடித்து, யூனிஃபாமோடே வந்தாள் சாந்தி. கியோங் இரண்டையும் போட்டுக் காட்டினார்.

வெளுத்த முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஐயோ, அழகா இருக்கேன் இல்ல அக்கா?”

விமலா தலையைக் குனிந்துகொண்டார்.

சாந்தி இன்னொரு தடவை போடச் சொன்னாள். மூன்றாவது தடவையும். சிரிப்பு நின்றுவிட்டது.

“அங்கிள், இதுல நான் அழலையே?”

“அழறியேம்மா. நல்லாப் பாரு,” என்றார் தயாரிப்பாளர்.

“தெரியல அங்கிள். முதல் படத்துல கன்னத்துல தண்ணி மின்னுது. இதுல சும்மா மூஞ்சி கழுவிட்டு நிக்கிற மாதிரி இருக்கு. அன்னிக்கு விடியக்காலையில இருந்து பதினோரு தடவை அழுதேன். கண்ணுக்கு எந்த மருந்தும் போடல. எங்க அம்மா இப்படித்தான் சாமானோட ரோட்டுல நின்னாங்க, அதை நெனச்சு அழுதேன். அது தெரியணும். கறுப்பாவே விடுங்க.”

கியோங்குக்குத் தமிழ் தெரியாது. விமலா மலாயில் விளக்கினார். கியோங் ஸ்கிரீனைத் தொட்டுக் காட்டி, மலாயிலேயே சொன்னார். “கறுத்த கன்னத்துலதான் கண்ணீர் பளிச்சுனு தெரியும். முகத்தை வெளுத்தா ரெண்டும் ஒண்ணாயிடும் லா.”

நிறம் திருத்துவது மேக்கப் மாதிரி ஒரு பூச்சு என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை... அதுவும் பேசுகிறது. ஒருத்தி சொன்னதை அழிக்கவும் செய்கிறது.

தயாரிப்பாளர் இரண்டையும் இன்னொரு தடவை போடச் சொன்னார். “சரி, விடுங்க. அப்படியே போகட்டும்.”

போன சனிக்கிழமை ஒளிபரப்பானது. ‘லைட்டிங் பத்தல’ என்று ஒருவர் போன் செய்து திட்டினார். செந்தூலிலிருந்து ஓர் அக்கா கூப்பிட்டார்: “அந்தப் பொண்ணு வாசல்ல நின்னப்போ எங்க வீட்டுல ஒருத்தரும் பேசல.”

இன்று காலை பேப்பரைப் பிரித்தால், அதே தயாரிப்பாளரின் அடுத்த நாடகத்துக்கு விளம்பரம்: ‘நடிகை தேவை. கறுப்பாக இருந்தாலும் கவலை வேண்டாம்.’

கவலைப்பட்டது யாருங்க?