சின்னம்மையின் வலது கை

விஜயாவின் வேலை மடங்கிப்போன கைகளை நிமிர்த்துவது. குன்னூரில் ஓர் ஆஸ்பத்திரியில், பக்கவாதம் வந்தவர்களின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவாள். எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்கு அவள் காந்தல் ஊர்க்காரன் பெனிஸை வீட்டை எதிர்த்துக் காதலித்துக் கட்டிக்கொண்டு போனவள், அவ்வளவுதான். வேலையைப் பற்றி யார் கேட்டோம்?

அவள் அம்மா சின்னம்மை ஆயுள் முழுக்கத் தேயிலைக் கொழுந்து பறித்தவள். தை மாதத்து உறைபனியில் தூக்கத்திலேயே போய்விட்டாள். விஜயா வந்தபோது குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். கைகளைச் சேர்த்துக் கட்டைவிரல்களைக் கட்ட வேண்டும். வலது கையோ இறுக மூடிக் கிடந்தது. வெந்நீர் ஊற்றியும் திறக்கவில்லை.

சின்னம்மையின் தம்பி வடிவேல் தீர்ப்பே எழுதிவிட்டார். மகள் மேல் இருந்த ஆத்திரம் அடங்காமல் போன உயிராம். விஜயா அம்மாவின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டால் கை திறக்குமாம். இல்லையென்றால் விரல்களை நெம்பித்தான் பிரிக்க வேண்டுமாம். நாங்களும் தலையாட்டினோம். இழவு வீட்டில் தலையாட்ட எங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

விஜயா விழவில்லை. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அழுதபடியேதான் பேசினாள், குரல் மட்டும் இறங்கவில்லை. தசைக்குள் மயோசின் என்று தடித்த இழை உண்டாம். அதிலுள்ள குட்டித் தலைகள் ஆக்டின் என்ற மெல்லிய இழையைப் பிடித்து இழுக்கும், விடும், தள்ளிப் பிடித்து மறுபடி இழுக்கும். விரல் மடங்குவது அப்படித்தான். பிடித்ததை விடுவதற்கும் ஏ.டி.பி. என்ற சத்து வேண்டும். உயிர் போனால் அது தீர்ந்துவிடும்; பிடித்த தலைகள் பிடித்தபடியே நின்றுவிடும். தூக்கத்தில் மடங்கியிருந்த கை அப்படியே பூட்டிக்கொண்டது, வேறொன்றுமில்லை என்றாள்.

படிச்ச திமிர் என்று வடிவேல் விரலைப் பிடிக்கப் போனார். அவள் தட்டிவிட்டாள்.

“எங்கம்மாவுக்கு என்மேல கோபம் இருந்துச்சுங்க மாமா. லயம் பூராக் கேட்க, என் மூஞ்சிக்கு நேராத்தான் திட்டுச்சு. அதைக் கைக்குள்ள ஒளிச்சு வச்சுட்டுப் போற ஆளா அது? விரலைத் தொடாதீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. வேலை வாங்கும் மேஸ்திரியையே எல்லார் முன்னாலும் நாறடித்தவள் சின்னம்மை. அவளா மனதில் வைத்துக்கொண்டு சாவாள்?

கட்டைவிரல் கட்டாமலே எடுத்துப் போனோம். இடுகாட்டுக்குப் பெண்கள் வரக்கூடாது என்றதற்கும் விஜயா நிற்கவில்லை. குழியில் இறக்கும்போதும் வடிவேல் விடவில்லை. இவள் செய்த பாவத்துக்கு அக்கா மண்ணுக்குள்ளும் கையை மூடிக்கொண்டுதான் கிடப்பாள் என்றார்.

“இந்தக் குளிருக்கு ரெண்டு மூணு நாள் ஆகும் மாமா. தானாத் தளர்ந்துரும். நான் மன்னிப்புக் கேட்காமலேதான் திறக்கும்.”

சொல்லிவிட்டு முதல் மண்ணை அவளே அள்ளிப் போட்டாள்.